அமானி ஆய்வாளர் வீடு, 1:72: நெளிதகரக் கூரை ஒருவழியாக உட்கார்ந்தது

நிஜ அளவில் 72இல் ஒரு பங்காக (1:72) நான் செய்துவரும் அமானி மாதிரி வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. மூன்றடி தள்ளி நின்று பார்த்தாலும் நெளிதகரம் நெளிதகரமாகவே தெரிகிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் இந்தப் பதிவு.

அமானி இருப்பது தான்சானியாவின் கிழக்கு உசம்பரா மலையில், சுமார் 900 மீட்டர் உயரத்தில். 1902இல் ஜெர்மானியர் அங்கே ஒரு உயிரியல், வேளாண் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் அது பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1948இல் வேளாண் ஆய்வு கென்யாவின் முகுகாவுக்கு மாறியது. ஐரோப்பிய ஆய்வாளர்களுக்கு மலைச்சரிவில் தள்ளித் தள்ளி, தோட்டத்தோடு தனி வீடுகள். நான் செய்வது குறிப்பிட்ட ஒரு வீட்டின் நகல் அல்ல. பழைய படங்களில் திரும்பத் திரும்ப வரும் கல் அடித்தளம், வெள்ளைச் சுவர், வராந்தா, தகரக் கூரை எல்லாம் சேர்ந்த ஒரு மாதிரி, 1930களின் நிலையில்.

சுவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, வழக்கமான ஃபோம் போர்டும் புட்டியும்தான். இந்த வகை வீட்டில் பாதி உயரம் கூரைதான். கூரை கெட்டால் எல்லாம் கெட்டது.

நெளிதகரத்தில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். 72ஆல் வகுத்தால் 1.06. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஷீட்டில் இந்த இடைவெளி சரியாகவே இருக்கும். கனம்தான் பிரச்சினை. அரை மில்லிமீட்டர் தகரம் இந்த அளவில் 0.007 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். பிளாஸ்டிக்கின் ஓரம் இறவாணத்தில் பலகை மாதிரி தடித்துத் தெரியும். சமையலறை அலுமினியத் தாள் கிட்டத்தட்ட சரியான கனம், ஆனால் விரல் பட்டாலே நெளி தட்டையாகிவிடும். கடைசியில் பிரியாணி பார்சல் வரும் அலுமினிய டப்பாவின் அடிப்பகுதிதான் சரிப்பட்டது. அழுத்தினால் வளையும், வளைந்தால் அப்படியே நிற்கும்.

நெளி போடுவதற்கு எம்6 (6 மில்லிமீட்டர் தடிமன்) மரைக் கம்பி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் தகட்டை விட்டு உருட்டச் சொல்வார்கள். எம்6 மரையின் இடைவெளி சரியாக 1 மில்லிமீட்டர் என்பதால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மரை என்பது சுருள். இரண்டுமே வலதுமரை என்றால், தகடு நுழையும் இடத்தில் ஒன்றின் வரி இந்தப் பக்கம் சாயும், இன்னொன்றின் வரி அந்தப் பக்கம் சாயும். பல்லோடு பல் பொருந்தாது, தகடு கசங்கும். ஒன்று இடதுமரையாக இருந்தால் பொருந்தும். அப்போதும் வரி மூன்று டிகிரிக்கு மேல் கோணலாகத்தான் விழும். எனவே வேண்டியது சுருள் அல்ல, வளையம். லேத் பட்டறையில் இரண்டு பித்தளைக் கம்பிகளில் 1 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வளைய வெட்டு போட்டு வாங்கினேன். கைப்பிடி வைத்துச் சுற்றினால் வரி நேராக, ஆழம் சீராக வருகிறது. இந்தக் கருவியைச் செய்தது எனக்குக் கூரையைவிடப் பெருமை!

தகட்டை முதலில் வெட்டிவிட்டு அப்புறம் நெளி போடுங்கள். பிறகு வெட்டினால் ஓரம் நசுங்கும். கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் 2 மில்லிமீட்டர் ஏற வேண்டும், பக்கவாட்டில் ஒன்றரை நெளி. ஆணிப்புள்ளி வைப்பவர்கள் மேட்டில் வையுங்கள். பள்ளத்தில் ஆணி அடித்தால் நிஜக் கூரை ஒழுகும்.

அலுமினியத்தில் பெயிண்ட் உரியும் என்பது தெரிந்ததுதான். பொடி சாண்ட்பேப்பர், சோப்புத் தண்ணீர், மெட்டல் பிரைமர், இந்த மூன்றையும் தவிர்க்காதீர்கள். ஆன்லைனில் வாங்கிய பிரைமர் ஒன்று பாதி கெட்டியாகி வந்தது, மாற்றித் தரவும் இல்லை. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் கடைகளில் கேளுங்கள், சிறிய டின்னே கிடைக்கிறது. துரு இன்னும் ஏற்றவில்லை. மழை கொட்டும் மலைக்காட்டில் பல வருடம் நின்ற கூரை, எல்லாத் தகடும் ஒரே நிறத்தில் இருக்க முடியாது.

அதற்குள் மனம் தோட்டத்துக்குப் போய்விட்டது. 1930களைத் தேர்ந்தெடுத்ததே மரவள்ளிக்காகத்தான். ஸ்டோரி என்ற ஆய்வாளர் அமானியில் மரவள்ளியைத் தாக்கும் வைரஸ் நோய்களை ஆராய்ந்த காலம் அது. தேமல் நோயைத் தாங்கும் ரகத்துக்காக, மரவள்ளியை அதன் உறவான சியரா ரப்பர் மரத்தோடு இனக்கலப்பு செய்ததும் அங்கேதான். இரண்டு மீட்டர் செடி இங்கே 28 மில்லிமீட்டர். விரல் விரலாகப் பிரியும் இலையைக் காகிதத்தில் லேசர் வெட்டித் தருபவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம் மீசாப்சிஸ் மரங்கள்: அமானியில் 1913இல் நட்டவை, பின்னாளில் அந்தக் காட்டையே ஆக்கிரமித்தவை. என் காலத்துக்கு இருபது வயதுப் பெரிய மரங்களாகவே வைக்கலாம்.

துருவுக்கு முன்பே பின்பக்கத்தைத் தொடங்கப் போகிறேன். கிழக்கு ஆப்பிரிக்கக் காலனி வீடுகளில் சமையலறை பெரும்பாலும் தனிக் கட்டடம். அதற்கும் கீழே, நிலையத்தை நடத்திய ஆப்பிரிக்கப் பணியாளர்களின் குடியிருப்பு. பழைய புகைப்படங்கள் ஆய்வாளர் வீட்டின் முன்வாசலைத்தான் விரும்பி எடுத்திருக்கின்றன. பணியாளர் வீடுகள் ஓரத்தில் தலைகாட்டுவதோடு சரி. என் பலகையில் அவை ஓரத்தில் இருக்காது. அடிப்பலகையை ஒரு அடி நீட்டி, சரிவின் கீழ்ப்பகுதியையும் சேர்த்து வெட்டிவிட்டேன்.