மருவுக்கு வைரஸ்தான் காரணமா? நான் செய்துகொண்ட பரிசோதனை

கழுத்தில் சிறு காம்புடன் தொங்கும் மருக்கள் சிலவும், புறங்கையில் சொரசொரப்பான தடிப்பு ஒன்றும் எனக்கு இருந்தன. எல்லாமே வைரஸால் வருபவை என்றும், வீட்டிலுள்ளோருக்கும் தொற்றிக்கொள்ளும் என்றும் பலர் சொன்னதால் தோல் மருத்துவரிடம் சென்றேன்.

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவி வழியாகப் பார்த்த மருத்துவர், புறங்கைத் தடிப்பில் தோலின் ரேகைகள் அறுபட்டிருப்பதையும், உறைந்த நுண் இரத்தக் குழாய்களான கரும்புள்ளிகளையும் காட்டி, அது வைரஸ் மருவாக இருக்கலாம் என்றார். கழுத்தில் இருப்பவை உராய்வு, உடல் பருமன், நீரிழிவு ஆகியவற்றோடு தொடர்புடைய சாதாரணத் தோல் தொங்கல்கள் என்பது அவர் கருத்து. அவற்றுக்குப் பரிசோதனை தேவையில்லை என்று அவர் சொல்லியும், நான் கேட்டுக்கொண்டதால் இரண்டிலிருந்தும் திசு எடுக்கப்பட்டது.

மரத்துப்போக ஊசி போட்டபோது சுருக்கென்று வலித்தது. அதன்பின் வலியே தெரியவில்லை. வைரஸின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனை மிக நுண்ணிய கலப்பையும் காட்டிவிடும் என்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் புதிய பிளேடு, தனிக் குப்பி. திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் கரைசலில் டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைவதால், ஆய்வகம் வைரஸ் மரபணுவின் குறுகிய பகுதிகளையே தேடும் என்றும் மருத்துவர் விளக்கினார்.

புறங்கை மருவின் முடிவில் குழப்பமில்லை. வைரஸ் பாதிப்பின் அடையாளமான, சுருங்கிய உட்கருவைச் சுற்றி வெற்றிடம் தெரியும் செல்கள் நுண்ணோக்கியில் காணப்பட்டன, மருவை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸின் 2-ஆம் வகையும் பி.சி.ஆரில் உறுதியானது. என்னைக் குழப்பியது கழுத்து மருவின் அறிக்கைதான்: திசுவில் வைரஸ் பாதிப்பின் அடையாளம் எதுவுமில்லை, ஆனால் பி.சி.ஆரில் ஹெச்.பி.வி. டி.என்.ஏ. சிறிதளவு இருப்பதாக எழுதியிருந்தார்கள்.

இருநூறுக்கும் மேற்பட்ட ஹெச்.பி.வி. வகைகளில் பல, எந்தத் தொல்லையும் தராமல் நலமான தோலிலும் முடிக்கால்களிலும் தங்கியிருப்பவை. ஆகவே வைரஸ் அங்கே இருந்தது என்பதால் மட்டும் அதுதான் மருவை வளர்த்தது என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்ல வேண்டுமானால், வளர்ந்த செல்களுக்குள்ளேயே அது செயல்படுவதைத் திசுவில் காட்ட வேண்டும். அருகிலுள்ள நல்ல தோலைவிட அங்கே அதன் அளவு கூடுதலாக இருக்கிறதா என்றும் ஒப்பிட வேண்டும். இரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது, ஏனெனில் வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தாலும் தொற்று உடலில் எந்த இடத்தில் என்பது அதில் தெரியாது.

என்னைக் கேட்டால், சிகிச்சையை மாற்றாத இந்த இரண்டாவது பி.சி.ஆர். தேவையே இல்லை. புறங்கை மருவுக்குச் சாலிசிலிக் அமிலம் தடவி வருகிறேன், துடைக்கும் துண்டைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். கழுத்து மருக்களை அப்படியே விட்டுவிட்டு, மருத்துவர் சொன்னபடி சர்க்கரை அளவைப் பார்க்க இரத்தம் கொடுத்தேன்.