தாது வருடத்துக் கூலிப் பதிவேடு: ஒரு திகில் ஆட்டத்தின் நாட்குறிப்பு

5 ஏப்ரல் 2025, கிருஷ்ணகிரி

நண்பர்கள் நால்வருக்காக இந்தக் கோடையில் ஒரு திகில் கதையாட்டம் நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறேன். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் ஆட்டங்களில் நாங்கள் ஆடுவது 1981-இல் வெளிவந்த ‘கால் ஆஃப் கதுலு’. அதன் முதன்மையான காலக்களம் 1920-கள். இத்தனை ஆண்டுகளாக நாங்கள் யாரும் பார்த்திராத அமெரிக்க ஊர்களின் தெருக்களிலேயே நடந்துகொண்டிருந்தோம். இம்முறை கதை 1926-ஆம் ஆண்டு மொரப்பூர் ரயில் நிலையத்தில் தொடங்கும்.

அந்த ஆண்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறுகிய பாதை ரயில் வந்தது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவருவதற்கென்றே போடப்பட்ட பாதை அது. 1926 என்றால், 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்துக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள்.

8 ஏப்ரல்

நேற்று எழுதிய முதல் வரைவைக் கிழித்துப் போட்டேன். அதில் ஒரு நடுகல்லைப் பெயர்த்தெடுத்ததும் அடியிலிருந்து தீய சக்தி வெளிப்படுவதாக எழுதியிருந்தேன். ஆநிரை மீட்டோ புலியோடு பொருதோ மாண்ட வீரர்களுக்கு நட்ட கற்கள் எங்கள் வட்டாரத்தில் இன்றும் வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. ஆட வருபவர்களில் ஒருவருக்கு வேடியப்பனே குலதெய்வம். இந்த ஆட்டத்துக்கு அடிப்படையான, அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளில் அயலாரின் வழிபாடு எல்லாம் கொடூரமான இரகசியச் சடங்காகவே சித்திரிக்கப்படுவதைப் பலமுறை குறை சொல்லியிருக்கிற நான், அதே பார்வையை என் ஊர்க் கல்லின்மீது திருப்பியிருந்தேன்.

13 ஏப்ரல்

இன்று முழுவதும் பஞ்சத்தைப் பற்றிய குறிப்புகளோடு கழிந்தது. 1876-இல் மழை பொய்த்தது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 1877-இன் தொடக்கத்தில் அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு சிறிது காசு எனக் கூலியைக் குறைத்தார். கல் உடைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். கூலி உயர்த்தப்படுவதற்குள் மாதங்கள் கடந்துவிட்டன.

மழையைத் தின்ற ஒரு பூதத்தைப் படைப்பது எளிது. ஆனால் அப்படிப் படைத்துவிட்டால், கூலியைக் குறைத்த கையெழுத்துக்கு யாரும் பொறுப்பாளியாக இருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு விதி வகுத்துக்கொண்டேன்: ஆவணத்தில் மனிதன் செய்ததாக இருக்கும் எதையும் என் கதையில் அமானுஷ்யம் செய்யாது, அது பிறகுதான் வரும்.

இரவு பத்து மணிக்குக் கதை பிடிபட்டது. 1926-இல் தருமபுரிக்கு அருகே ஒரு சிற்றூரில், ஒவ்வொரு வீட்டுக் குதிரிலிருந்தும் இரவுதோறும் கேழ்வரகு குறைகிறது, வீட்டுக்குச் சரியாக ஒரு பவுண்டு. தாலுகா அலுவலகத்துப் பரணில் கிடக்கும் 1877-ஆம் ஆண்டுக் கூலிப் பதிவேட்டில், ஈரம் காயாத மையில் வரவு விழுந்துகொண்டேயிருக்கிறது. இறந்தவர்கள் தங்கள் கூலியை வாங்கிக்கொள்கிறார்கள்.

20 ஏப்ரல்

முதல் அமர்வு நடந்தது. ரயில் காட்சி நீண்டுவிட்டது. அடுத்த முறை சுருக்க வேண்டும்.

பதிவேட்டைத் திறந்த காட்சியில் பாத்திரத்தின் மனம் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் மனத்திடப் புள்ளிகளுக்காக நூறு வரை எண் காட்டும் பகடையை உருட்டச் சொன்னேன். ஒரே அடியில் ஐந்து புள்ளி இழந்தால் பாத்திரம் நிலைகுலையக்கூடும் என்பது விதி. ஆனால் ஒருவருக்கும் இரண்டுக்கு மேல் போகவில்லை, மேசையிலும் அச்சம் எழவில்லை. பிறகு தேநீர் குடிக்கும்போது, எங்களில் இளையவளான ஓசூர்ப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அண்ணா, எங்க அவ்வா அவங்க பாட்டி சொன்னதா ஒண்ணு சொல்வாங்க. தாது வருஷத்துல எறும்பு வளையத் தோண்டி, எறும்பு சேத்து வச்ச தானியத்த எடுத்துத் தின்னாங்களாம். அதைக் கதையில சேத்துக்கலாமா?”

பகடையைத் தொடவே யாருக்கும் கை வரவில்லை. சேர்த்துக்கொள்வதாகச் சொன்னேன், அவ்வாவிடமும், அதாவது அவள் பாட்டியிடமும், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொன்னேன்.

23 ஏப்ரல்

அவ்வா சம்மதித்துவிட்டாராம். இரண்டாம் அமர்வு, ரயில் பாதையை ஒட்டிய புன்செய் நிலத்தில், விடியலில், நூற்றுக்கணக்கான எறும்பு வளைகள் புதிதாகத் தோண்டப்பட்டுக் கிடக்கும் காட்சியோடு தொடங்கும். அங்கே உருவம் எதுவும் தென்படாது; சிறு பிள்ளைகளின் விரல் தடங்கள் மட்டும் மண்ணில் இருக்கும்.

அந்நிலத்துக்குச் சொந்தக்காரியாக ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. பஞ்சத்தைக் கண்ணால் கண்டவள் என்பதால், கூன் விழுந்த, பார்வை மங்கிய, திண்ணையைவிட்டு எழாத ஒரு கிழவியாக அவளை எழுதி வைத்திருந்தேன். இன்று பாத்திரத் தாளில் வயதை நிரப்புவதற்காகக் கணக்குப் போட்டேன். 1877-இல் அவளுக்கு ஏழு வயது, 1926-இல் ஐம்பத்தாறு. என் அம்மாவுக்கு இப்போது அதே வயதுதான், இன்று காலையும் களை எடுக்கப் போயிருக்கிறார். கூனையும் திண்ணையையும் அடித்துவிட்டு, களைக்கொத்தோடு வயலில் நிற்பவளாக அவளைத் திருத்தி எழுதியிருக்கிறேன்.