ஆறு வடியட்டும்

ஜனவரி 11
சேன் ழான் த லூஸ், பிரான்சின் தென்மேற்கு மூலை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிக்காமல் விமானிகளைத் தப்பவைத்த கோமெட் பாதையைப் பார்க்க வந்திருக்கிறேன். வந்து இறங்கியதிலிருந்து மழை.

ஜனவரி 12
வீட்டில் குட்டிக்குக் காய்ச்சல், 100. "நீ வந்து என்ன பண்ணப் போற, நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா.

மத்தியானம் பஸ் பிடித்து ஆந்தாய் போய் பிடாசோவா ஆற்றைப் பார்த்தேன். செம்மண் கலங்கல். 1943 டிசம்பரில் இருட்டில் இந்த ஆற்றைக் கடக்கும்போது ஓர் அமெரிக்க விமானப்படை வீரரையும் ஒரு பெல்ஜியரையும் வெள்ளம் கொண்டுபோனது. அக்கரை ஸ்பெயின். அவ்வளவு பக்கம்.

ஜனவரி 13
ரயில் நிலையத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோமெட் பாதை இந்த வழிதான்: பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து தெற்கே ரயில். கூட வரும் விமானிகளுக்குப் பிரெஞ்சு வராது, வாயைத் திறந்தால் தீர்ந்தது. அப்புறம் ராத்திரியில் பிரனீஸ் மலை. முன்னால் போனவர் ஃப்ளோரென்டினோ, பாஸ்க் கடத்தல்காரர். பெல்ஜியப் பெண் ஆந்த்ரே டி ஜோங் 1941-இல் இந்த மலையைத் தாண்டி, பில்பாவோவில் பிரிட்டிஷ் துணைத் தூதரக வாசலில் போய் நின்றபோது வயது 24. கோமெட் பாதை அப்படித்தான் தொடங்கியது.

எல்லோரும் அவளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அவளுக்குத் தகும். நான் வந்தது அவர்களுக்குப் பண்ணை வீட்டில் இடம் கொடுத்த ஃப்ரான்ட்சியாவுக்காக.

ஜனவரி 14
99. இரண்டு இட்லி சாப்பிட்டானாம்.

ஜனவரி 15
இதே தேதி, 1943. உருன்யாவில் பிடெகெய்ன் பெர்ரி பண்ணை. மழையில் ஆறு பெருகிவிட்டது, கடக்க வழியில்லை. ஆந்த்ரேயும் மூன்று விமானிகளும் ஃப்ரான்ட்சியாவின் வீட்டிலேயே தங்கினார்கள். அங்கேயே ஜெர்மானியரிடம் பிடிபட்டார்கள். ஃப்ரான்ட்சியாவையும் கொண்டுபோனார்கள். கணவனை இழந்தவள், மூன்று பிள்ளைகள்.

விசாரணையில் அப்பாவைக் காப்பாற்ற, எல்லாம் நடத்தியது நான்தான் என்று ஆந்த்ரே உண்மையையே சொன்னாள். இந்தச் சின்னப் பெண்ணா என்று அவர்கள் நம்பவில்லை. முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பினாள். அப்பாவை 1944-இல் பாரிஸில் சுட்டுக் கொன்றார்கள். ஃப்ரான்ட்சியா ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமில் இறந்தது 1945 ஏப்ரலில். சோவியத் செம்படை அங்கே வந்ததும் அதே ஏப்ரல், 30-ஆம் தேதி.

பிள்ளைகள் உள்ளே தூங்க, நனைந்து நிற்கும் அந்நியர்களுக்கு நான் கதவைத் திறப்பேனா? சாயங்காலத்திலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. மாட்டேன் என்றுதான் வருகிறது. எத்தனை தடவை கேட்டாலும். அவள் ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பத் திறந்தாள்.

பண்ணை இங்கிருந்து நடக்கிற தூரம்தான். மழை விடட்டும்.

ஜனவரி 16
103. அம்மா மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். போன் சைலண்ட்டில் கிடந்தது.

ஜனவரி 17
மழை விட்டது. பண்ணைக்குப் போகவில்லை. 11 மணி ரயில். அம்மா போனை எடுக்க மாட்டேன் என்கிறாள்