ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் விழும் முள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு அருகே, க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் வழியாக இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் என் பழைய காரின் புகைக்குழாய் படபடவென்று வெடிக்கும். பெட்ரோல் வாடையும் வீசும். ஒரு பட்டறையில் எரிபொருள் அழுத்தத்தை அளந்துவிட்டு, கால் எடுத்ததும் 3 பாரிலிருந்து 2.2க்கு விழுகிறது, பம்ப் போய்விட்டது என்றார்கள். பம்பின் விலையைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது.

அழுத்தமானி ஒன்றை இரவல் வாங்கி, அதன் ரப்பர் குழாயை பானெட்டின் பின்விளிம்பு வழியாக வெளியே எடுத்து, கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்கு அடியில் மானியைக் கட்டினேன். தங்கை மகன் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டு வந்தான். காலை எடுத்தேன். "மாமா, 2.2" என்றான். அழுத்தினேன். "மூன்று."

இது நோயல்ல. மிஞ்சிய பெட்ரோலை டாங்கிக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் உள்ள பழைய அமைப்பில், எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து ஒரு சிறு குழாய், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்குச் செல்கிறது. காலை எடுத்து, காற்றை உள்ளே விடும் த்ராட்டில் மூடியதும் மேனிஃபோல்டில் காற்றழுத்தம் சுமார் 0.25 பாராகக் குறைந்து, அந்த உறிஞ்சலில் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு மேலெழ, கூடுதல் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்புகிறது. மானியில் எண் குறைந்தாலும், மேனிஃபோல்டுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாடு 3 பாராகவே நிற்கிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் வைத்துக் கணினி பெட்ரோலை அளப்பதற்கு இந்த மாறாத வேறுபாடுதான் ஆதாரம். அதிலும் இறக்கத்தில் கியரோடு உருளும்போது, எஞ்சின் சுழற்சி ஏறக்குறைய 1500க்குக் கீழே வரும்வரை கணினி இன்ஜெக்டர்களைத் திறப்பதே இல்லை.

அப்படியானால் வெடிப்பதற்குப் பெட்ரோல் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ரெகுலேட்டரின் அந்தச் சிறு குழாயைக் கழற்றினேன். உலர்ந்திருக்க வேண்டிய குழாயின் உள்ளே பெட்ரோல் ஈரம், விரலில் ஒட்டியது. கிழிந்த டயஃப்ரத்தின் வழியாக, உறிஞ்சல் மிக வலுவாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் இழுக்கப்பட்டு, சரியாக எரியாமல் சூடான புகைக்குழாயில் போய் வெடித்திருக்கிறது. ரெகுலேட்டரை மட்டும் மாற்றினேன். வெடிச்சத்தம் நின்றது; முள் இப்போதும் 2.2க்குத்தான் விழுகிறது.

ஜொஹானஸ்பர்க் போனபோதும் மானியை எடுத்துச் சென்றேன். கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலுள்ள அங்கே, அதே வண்டியில் கால் எடுத்தால் 2.4 காட்டியது. வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் மானி அளக்கிறது. அங்கே வெளிக்காற்றே ஏறத்தாழ 0.83 பார்தான். வேறுபாடு மாறவில்லை, ஒப்பிடும் காற்றுதான் மாறியது.

தங்கை மகனின் புதிய காரில் ரிட்டர்ன் குழாயே இல்லை. ரெகுலேட்டர் டாங்கிக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. மேனிஃபோல்டின் உறிஞ்சல் அதை எட்டுவதில்லை என்பதால், அந்தக் குறையைக் கணினியே கணக்கிட்டு இன்ஜெக்டர் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. ஃபீல்ட்ஸ் ஹில்லில் அவன் காலை எடுத்தாலும் முள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த வண்டியில் 2.2 தெரிந்தால், பம்பைச் சந்தேகிப்பதில் தவறில்லை.