படுவான்கரையில் ஒரு ஊர்: சங்கம், கழகம், கூத்து, விரால் கறி

மட்டக்களப்பு என்றதும் பாசிக்குடாவுக்கும் கல்லடிப் பாலத்துக்கும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாவியைத் தாண்டி மேற்கே போங்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கமாக, ஒரு சின்ன ஊரில் நண்பன் வீட்டில் தங்கிவிட்டு யாழ்ப்பாணம் வந்து சில நாள்தான் ஆகிறது. உடுப்புப் பை இன்னும் அவிழ்க்காமல் கிடக்கிறது. அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். பஸ், செலவு எல்லாம் வரிசையாக எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள், எழுதுகிறேன்.

முதலில் அந்த இரவு பஸ். ஏசி பஸ் என்று சொல்லித்தான் டிக்கெட் போட்டார்கள், ஏசி பஸ்ஸுக்கான காசைத்தான் வாங்கினார்கள். வந்து நின்றதோ ஏசியும் வேலை செய்யாத, கண்ணாடியும் திறக்க முடியாத ஒரு தனியார் பஸ். கேட்டால் கண்டக்டர் "இப்ப போடுவம் அண்ணை" என்கிறார், வவுனியா தாண்டியும் அதே பதில்தான். என் சீட் பின்னால் சாயவில்லை, முன் சீட்டோ சாய்ந்தபடி நிமிரவில்லை, நடுவழியில் ஏற்றியவர்களை நடைபாதையில் ஸ்டூல் போட்டு இருத்தினார்கள், பாட்டு நள்ளிரவு வரைக்கும் முழுச் சத்தத்தில். ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்திய கடையில் ஒரு மாலுபாணுக்கும் பிளேன்டீக்கும் வாங்கிய காசுக்கு வெளியே சோற்றுப் பார்சலே எடுக்கலாம். முழுக் காசையும் கொடுத்துவிட்டு வேர்த்துக் கொட்டிக்கொண்டு போக வேண்டுமா? பகல் பஸ்ஸில் போங்கள். பகலில் போனால் வழியையாவது பார்க்கலாம்.

மட்டக்களப்பு டவுனிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு கல்முனை ரோட்டில் பஸ்ஸுக்குக் குறைவே இல்லை. களுவாஞ்சிகுடிச் சந்தியில் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் பையைக் கண்டுவிட்டு மூவாயிரம் கேட்டார். ஏன் அவ்வளவு என்றால், அங்கால யானை வாற இடமாம். யானை வருவது உண்மைதான், அந்தப் பக்கத்துச் சனம் யானையால் படுகிற பாட்டை நானே போய்க் கேட்டேன், வேளாண்மையையும் வீட்டுச் சுவரையும் உடைத்துவிட்டுப் போகிறது. ஆனால் காலை ஒன்பது மணிக்கு மெயின் ரோட்டில் யானையைச் சொல்லிக் காசு கூட்டுவது அநியாயம். பேசிப் பேசி இரண்டாயிரத்துக்கு இறங்கினார், நான் ஏறவில்லை. முக்கால் மணி நேரம் நின்றேன், பஸ் வந்தது, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து ஊர்ச் சந்தியில் இறக்கிவிட்டது. நூற்றைம்பது ரூபா கூட இல்லை. மொத்தப் பயணத்துக்கும் பதினையாயிரம்தான் ஒதுக்கியிருந்தேன், அந்த ஆட்டோவில் ஏறியிருந்தால் அன்றைக்கே பட்ஜெட் உடைந்திருக்கும்.

ஊரில் ஒரு பிள்ளையார் கோயில், ஒரு கண்ணகி அம்மன் கோயில், ஒரு பாடசாலை, ஒரு பல்தேவைக் கட்டடம், ஒரு மைதானம், இரண்டு கடை. சுற்றிவர வயல். நவகிரிக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்கிற பூமி. பெரும்போக வெட்டு முடிந்து, நெல்லை விற்று, கையில் கொஞ்சம் காசும் கொஞ்சம் ஓய்வும் இருக்கிற நேரமாகப் பார்த்து நண்பன் என்னைக் கூப்பிட்டிருந்தான். நீங்களும் போவதென்றால் மாசி முடிந்து பங்குனி, சித்திரையில் போங்கள். மார்கழி மழையில் போனால் வெள்ளத்தில் ரோடே மறிபடலாம்.

பின்னேரம் நாலரை ஆனால் ஊரே மைதானத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு பக்கம் மென்பந்துக் கிரிக்கெட், மற்றப் பக்கம் கரப்பந்து, வேலியோரம் மரத்துக்குக் கீழே வயசான ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் சைக்கிளில் சாய்ந்துகொண்டு பள்ளிக்கூடப் பொடியன்மார். விளையாட்டுக் கழகம்தான் இதற்கெல்லாம் பொறுப்பு. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று முறையாகக் கூட்டம் போட்டுத் தெரிகிறார்கள், பிரதேச செயலகத்தில் பதிவும் இருக்கிறது. பந்து வாங்குகிறது, மைதானத்தில் புல் வெட்டுகிறது, சித்திரை வருடத்துக்குக் கயிறு இழுத்தலும் வழுக்கு மரமும் தலையணைச் சமரும் வைக்கிறது எல்லாம் அவர்கள். சுற்றுப்போட்டிக்கென்று ஆயிரம் ரூபா கொடுத்தேன். பொருளாளர் உடனே புத்தகத்தை எடுத்து ரசீது எழுதித் தந்தார், பத்து நிமிசத்தில் ஒலிபெருக்கியில் என் பெயர் யாழ்ப்பாணத்தோடு சேர்த்து வந்தது. ஆயிரம் ரூபாவுக்கு எனக்கு எங்கும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. கழகத்து உறுப்பினர்களில் பாதிப் பேர் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள், ஜெர்சி அவர்கள் அனுப்பிய காசு. காசு வருகிறது சரி, கரப்பந்துக்கு ஆறு பேர் சேர்க்கத்தான் கஷ்டப்படுகிறார்கள். அதை நினைத்தால் எனக்குக் கவலைதான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நண்பனின் அம்மா முதல்நாள் மத்தியானம் போட்ட சாப்பாடு: சிவப்பரிசிச் சோறு, குளத்து விரால் கறி, முருங்கைக்காய்ப் பாலாணம், பொன்னாங்காணிச் சுண்டல், பொரித்த மிளகாய். விரால் கறியில் மாங்காய் போட்டிருந்தார்கள். அந்தக் குழம்பை நான் சோற்றில் ஊற்றவில்லை, கோப்பையைத் தூக்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு மண்சட்டியில் எருமைத் தயிர், மேலே சீனி, பக்கத்தில் வாழைப்பழம். "இன்னொருக்கா போட்டுச் சாப்பிடுங்க மனே, மறுகா படுக்கலாம்" என்று அம்மா சொல்லச் சொல்லச் சாப்பிட்டேன். டவுனில் கடைகளில் சட்டித் தயிர் என்று விற்பதைத் தின்றுவிட்டு மட்டக்களப்புத் தயிர் தெரியும் என்று சொல்லாதீர்கள், எருமைப் பட்டி இருக்கிற ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள். காசு கொடுக்கப் பார்த்தேன், கோபித்துக்கொண்டார். டவுனில் சீனியும் தேயிலையும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனதுதான் நல்லதாயிற்று, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரவு எட்டு மணிக்குக் கூத்துப் பழக்கம். பிள்ளையார் கோயில் முன்றலில் வட்டக்களரி என்கிற வட்ட ஆடுகளம், நடுவில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு, சுற்றிவரப் பகலெல்லாம் மேசன் வேலையும் வயல் வேலையும் செய்துவிட்டு வந்த இளைஞர்கள். வடமோடிக் கூத்து, மகாபாரதக் கதை. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று சட்டம், அதாவது அவரவர் பாட்டும் வசனமும், கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணி விழா வைத்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம், அரங்கேற்றம் என்றால் விடியும் வரைக்கும். முடிந்த பிறகும் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கூத்தைச் செப்பனிட்டு மேடைக்குக் கொண்டுபோனார் என்று படித்திருக்கிறேன், பெரிய காரியம்தான். ஆனால் மேடைக் கூத்தைப் பார்த்தபோது எனக்கு இந்த விசயம் விளங்கவே இல்லை: களரியில் ஒரு பொடியன் அடி தவறினால் வெளியே இருக்கிற கிழவி சத்தம் போட்டுத் திருத்துகிறாள். முழு ஊருக்கும் ஆட்டம் தெரியும். கூத்துக் குழுவுக்கும் தனியாக ஒரு கணக்குப் புத்தகம், உடுப்புக் கட்டுவதற்கும் சோடனைக்கும் வீட்டுக்கு வீடு சேர்த்த காசு அதில் வரிவரியாக இருக்கிறது.

இனிமேல்தான் நான் எழுத வந்த முக்கியமான விசயம். சுற்றுப்போட்டி இறுதி ஆட்டத்துக்கு மின்விளக்குக் கட்டி, பக்கத்து ஊர் அணியும் வந்து இறங்கி, பந்தைத் தூக்கிப் போடப் போகிற நேரத்தில், மூன்றாம் குறிச்சியில் (குறிச்சி என்றால் ஊரின் ஒரு பகுதி) ஒரு பாட்டி இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. யாரும் கூடிப் பேசவில்லை, வாக்கெடுப்பு வைக்கவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு, ஆட்டம் நின்றது. மைதானத்து விளக்குகளைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள், அது நேரே மரண வீட்டுக்குப் போனது. அதற்குப் பின்னால் பல்தேவைக் கட்டடம் திறந்து மரண உதவிச் சங்கத்தின் கதிரைகள், படங்கு, கிடாரம், வாளி, கோப்பை எல்லாம் போயின. வந்த அணி திரும்பிப் போகவில்லை, அவர்களும் படங்கு கட்டினார்கள்.

அந்தச் சங்கம் வேலை செய்யும் விதத்தைச் செயலாளரோடு இருந்து கேட்டேன். மாதம் ஒரு குடும்பம் இருநூறு ரூபா. யாராவது இறந்தால் அன்றைக்கே பொருளாளர் கையில் காசோடு போவார், படிவம் இல்லை, கையெழுத்துப் பிறகு. குறிச்சிக்கு ஆள் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒரு குறிச்சி குழி வெட்டும், ஒரு குறிச்சி விறகும் தண்ணீரும், இன்னொன்று சமையலும் தேத்தண்ணியும். வராத வீடு தண்டம் கட்ட வேண்டும். வசதி இருக்கிற வீடு, இல்லாத வீடு எல்லாவற்றுக்கும் ஒரே கதிரை, ஒரே படங்கு, ஒரே தொகை. 2007இல் சண்டையால் ஊரோடு இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது கட்டடத்தில் ஒரு கதிரை மிச்சமில்லையாம். "கோயிலுக்குக் கூரை போடுறதுக்கு முந்தி மரணச் சங்கத்தத்தான் தம்பி நாங்க திருப்பித் தொடங்கினம், செத்தா ஆர் தூக்குற?" என்றார். எட்டாம் நாள் சடங்கான எட்டு முடிந்து கணக்கு வாசிப்பார்களாம், எத்தனை தேங்காய் வந்தது, எத்தனை மிஞ்சியது வரைக்கும்.

எங்கள் பக்கம் சனசமூக நிலையம் இருக்கிறது, வாசிகசாலை இருக்கிறது, வெளிநாட்டுக் காசில் மாடிக் கட்டடமும் இருக்கிறது. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒருவர் இறந்தபோது கதிரையும் சமையலும் எல்லாம் வாடகைக்குப் பிடித்தார்கள். எது திறம் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் படுவான்கரையைச் சொல்வேன்.

எல்லாமே நல்லது என்று எழுத மாட்டேன். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஓரமாக இருக்க விட்டார்கள். அங்கே பேசப்பட்டது முழுக்க இரண்டே விசயம், நுண்கடனும் கசிப்பு என்கிற கள்ளச் சாராயமும். கிழமைக் கடன் சேர்க்க மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் வீட்டு வாசலில் இருந்து எழும்ப மாட்டார்களாம், ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்த கதை நாலைந்து பெண்கள் சொன்னார்கள். இந்தப் பெண்கள் இப்போது தங்களுக்குள்ளேயே சேமிப்பும் சுழற்சிக் கடனும் வைத்திருக்கிறார்கள், வட்டி சங்கத்துக்கே வருகிறது, அதில் சிலர் பழைய கடனை முடித்தும் விட்டார்கள். ஊரில் ஒழுங்காகக் கூட்ட அறிக்கை எழுதுவதும் இவர்கள்தான். அப்படி இருக்க, கோயில் நிர்வாக சபையிலும் கமக்காரர் அமைப்பிலும் ஒரு பெண் கூட இல்லை. மரண வீட்டில் இரவு முழுக்க அடுப்படியில் நின்றவர்களும் பெண்கள்தான், கணக்கு வாசிக்கும்போது பின்வரிசையில் இருப்பவர்களும் அவர்கள்தான் என்றார்கள். இது பிழை. கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரிடமே சொன்னேன், அவர் சிரித்துவிட்டு வெற்றிலைத் தட்டத்தை என் பக்கம் தள்ளினார். நான் விடவில்லை, கூடவே இருந்த ஆசிரியர் ஒருவர் அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

திரும்பும்போது வேறு வழி வந்தேன். மண்டூருக்குப் பஸ், முருகன் கோயிலில் ஒரு கும்பிடு, அங்கிருந்து படகுப் பாதை என்கிற தட்டைப் படகில் ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளி. மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், நான். காற்றோடு கூடிய மிக மலிவான பயணம், இதைத் தவற விடாதீர்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கம் 2014இல் மண்முனைப் பாலம் வரும் வரைக்கும் அங்கேயும் இப்படிப் படகுதான்.

செலவு: பஸ் போகவர, உள்ளூர்ப் போக்குவரத்து, சீனி தேயிலை, கழகத்துக்குக் கொடுத்தது, மரண வீட்டுக்குப் போட்டது எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்தது. தங்க விடுதி கிடையாது, தெரிந்தவர் வீடுதான், தெரிந்தவர் இல்லாவிட்டால் களுவாஞ்சிகுடியிலோ மட்டக்களப்பிலோ தங்கிப் பகலில் போய்வாருங்கள். இருட்டிய பிறகு வயல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள், யானை விசயத்தில் ஊர் ஆட்கள் சொல்வதைக் கேளுங்கள். மரண வீட்டில் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள்.

நேற்று நண்பன் போன் எடுத்தான். பாட்டியின் எட்டு முடிந்ததும் இறுதி ஆட்டம் நடந்ததாம், வந்த அணி வென்றுவிட்டதாம், கூத்து அரங்கேற்றத்துக்குச் சித்திரைக் கடைசிச் சனிக்கிழமை என்று நாள் வைத்திருக்கிறார்களாம். நான் போகிறேன். பகல் பஸ்ஸில்.