விக்கிறவர் ஆளையே காணோம், கிரயம் எப்படி முடிச்சோம்

மதுரை பக்கம் ஒரு மனை, 2019ல கிரய அக்ரிமெண்ட் போட்டு அதை ரிஜிஸ்டரும் பண்ணியாச்சு, 11 மாசம் டைம், பாதிக்கு மேல அட்வான்ஸும் குடுத்தாச்சு. அதுக்கப்புறம் விக்கிறவர் போன் சுவிட்ச் ஆஃப், வாடகை வீட்டையும் காலி பண்ணிட்டார், சொந்தக்காரங்களைக் கேட்டா எங்களுக்கும் தெரியாதுங்கறாங்க.

காணாம போய் 7 வருஷம் ஆனா இறந்துட்டதா எடுத்துக்குவாங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னு சித்தப்பா சொன்னார். வக்கீல் அம்மா இதைக் கேட்டுப் பதறிட்டாங்க. அக்ரிமெண்ட்ல குறிச்ச கெடுத் தேதியில இருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும், 7 வருஷம் உக்காந்திருந்தா கேஸே நிக்காது. தயவுசெஞ்சு இந்த 7 வருஷப் பேச்சை மட்டும் யாரும் நம்பிடாதீங்க.

முதல்ல வக்கீல் நோட்டீஸ், அது ஆள் இல்லைன்னு திரும்பி வந்துச்சு, அந்தக் கவரைப் பிரிக்காம பத்திரமா வைங்க, அதுவே ஆதாரம். அப்புறம் சிவில் கோர்ட்ல கிரயம் செஞ்சு குடுக்கச் சொல்லி வழக்கு, கோர்ட் ஃபீஸ் அக்ரிமெண்ட் தொகைக்கு 3 சதவீதம் (2017க்கு முன்னாடி ஏழரை இருந்துச்சாம்). கோர்ட் அமீனா (சம்மன் குடுக்குற ஊழியர்) சம்மன் எடுத்துட்டுப் போய் ஆள் இல்லைன்னு எழுதிட்டு வந்தார், அதனால தமிழ் பேப்பர்ல விளம்பரம் குடுக்க மனு போட்டோம், பேப்பர்ல வந்தும் விக்கிறவர் ஆஜராகலை, அதனால எக்ஸ்பார்ட்டி, அதாவது எதிர்த்தரப்பு இல்லாமலே கேஸ் நடக்கும்.

எக்ஸ்பார்ட்டின்னா தானா ஜெயிச்சிடும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்லை. மீதிப் பணம் எங்ககிட்ட ரெடியா இருந்துச்சு, வாங்குறதுக்கு நாங்க எப்பவுமே தயாரா இருந்தோம்னு நாமதான் நிரூபிக்கணும், பேங்க் பாஸ்புக் அங்கதான் எங்களைக் காப்பாத்துச்சு. டிக்ரியில (கோர்ட் தீர்ப்பாணை) ஒரு கெடு குடுத்து பாக்கியை கோர்ட்ல கட்டச் சொல்வாங்க, அந்தக் கெடுவைத் தாண்டவே தாண்டாதீங்க, டிக்ரியே கையை விட்டுப் போகலாம்.

அதுக்கு மேல டிக்ரியை நடைமுறைப்படுத்தச் சொல்லி நிறைவேற்று மனு. கிரயப் பத்திர டிராஃப்ட் நாமதான் தாக்கல் பண்ணணும், அவருக்கு மறுபடியும் நோட்டீஸ், அவர் வரலைன்னதும் கோர்ட்டே அவருக்குப் பதிலா கையெழுத்துப் போட உத்தரவாச்சு. கோர்ட் ஊழியர் சப் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்ட அன்னிக்கு எங்க வீட்டுல எல்லாரும் அழுதுட்டோம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் வழக்கம்போலதான். மூலப் பத்திரம் அவர்கிட்டயே போயிடுச்சு, அதுக்கு சான்றிட்ட நகல் வாங்கிக்கிட்டோம். இடையில அவர் வேற யாருக்காவது வித்துடுவாரோன்னு ராத்திரி தூக்கமே இருக்காது, ஆனா அக்ரிமெண்ட் ரிஜிஸ்டர் ஆனதால வில்லங்கச் சான்றுல (ஈசி) ஏறி இருந்துச்சு, அதுதான் ஒரே தைரியம்.

பட்டாவும் இப்ப பேர் மாறிடுச்சு. அவருக்குச் சேர வேண்டிய பாக்கி கோர்ட் டெபாசிட்லதான் இருக்கு, அவரோ வாரிசுங்களோ எப்ப வந்தாலும் மனு போட்டு எடுத்துக்கலாம்.