நெட் நூலக அறிவியல்: மின்னூல் விலைப் பகுதியைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் நூலக அறிவியல் எழுதப் போகிறவர்கள் பலரும் டிடிசி, கோலன், ஏஏசிஆர் என்று வகைப்பாட்டிலும் பட்டியலாக்கத்திலுமே நேரத்தைக் கொட்டுகிறார்கள். எம்.லிப் வகுப்பிலும் அப்படித்தான், நான் படித்தபோது மின்னூல் லைசென்ஸ் எப்படி இருக்கும் என்றுகூட யாரும் காட்டவில்லை. இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண், தப்பான விடைக்குக் கழிப்பும் கிடையாது, அதனால் மற்றவர்கள் தள்ளிவிடும் பகுதியைத் தேடிப் படிப்பது லாபம்.

அச்சுப் புத்தகத்தை வாங்கிவிட்டால் கிழியும்வரை இரவல் கொடுக்கலாம், மின்னூலில் பெரும்பாலும் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய அனுமதி மட்டும்தான். இது புரிந்தால் ஆண்டுகள் தானாக மனதில் நிற்கும். 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் அமெரிக்கப் பொது நூலகங்களுக்கு ஒரு மின்னூலை 26 முறைதான் இரவல் தரலாம், அப்புறம் மறுபடி காசு கட்டு என்றது. 2019 நவம்பரில் மேக்மில்லன் பதிப்பகம் இன்னும் ஒரு படி மேலே போய், புது நூல் வந்த முதல் 8 வாரத்துக்கு எவ்வளவு பெரிய நூலக அமைப்பாக இருந்தாலும் ஒரே பிரதி என்றது. பல நூலகங்கள் வாங்குவதையே நிறுத்த, 2020 மார்ச்சில் அந்த விதியைக் கைவிட்டது.

கல்லூரி நூலகத்தில் கதை வேறு. சந்தா, ஒருமுறை காசு கட்டி நிரந்தரமாகப் பயன்படுத்தும் பெர்பெச்சுவல் ஆக்சஸ், வாசகர் திறந்து பார்த்தால் வாங்கும் பிடிஏ என்று முறைகள் உண்டு. பெர்பெச்சுவல் என்றதும் செலவு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், தளத்துக்கென்று ஆண்டுக் கட்டணம் தனியாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

மின்னூல் எவ்வளவு பயன்பட்டது என்று ஒரே அளவுகோலில் எண்ணித் தரும் கவுன்ட்டர் அறிக்கையில்தான் பலரும் குழம்புவது. சும்மா ஒரு கணக்கு: 60,000 ரூபாய்த் தொகுப்பு, டோட்டல் ஐட்டம் ரிக்வெஸ்ட் (திறந்ததும் இறக்கியதும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை) 3,000 என்றால் ஒரு பயன்பாட்டுக்கு 20 ரூபாய், மலிவாகத் தெரியும். ஆனால் ஒரே மாணவர் ஒரே அமர்வில் ஒரு நூலின் பத்து அத்தியாயங்களை இறக்கினால் அங்கே பத்து என்று விழும், ஒரு அமர்வில் ஒரு நூலை ஒருமுறை மட்டும் எண்ணும் யூனிக் டைட்டில் ரிக்வெஸ்ட்டில் ஒன்றுதான். அந்த எண்ணிக்கை 400 என்றால் விலை 150 ரூபாய். கவுன்ட்டர் விதிகளின் ஐந்தாம் பதிப்பான ரிலீஸ் 5இல் இந்த இரண்டாவது அளவீட்டைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான், இதைப் பிடித்துக்கொண்டால் கூற்று–காரணம் வகைக் கேள்விகளில் தடுமாற மாட்டீர்கள்.

தெரிந்த கல்லூரி நூலகர் யாராவது இருந்தால் சந்தா புதுப்பிக்கும் சமயத்தில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், ஒரு லைசென்ஸையாவது முழுக்கப் படியுங்கள். எத்தனை பேர் ஒரே நேரத்தில் திறக்கலாம், வேறு நூலகத்துக்கு இரவல் தர முடியுமா, சந்தா நின்றால் என்ன மிஞ்சும், இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

இன்னொன்று, 2024 நவம்பரில் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ஒதுக்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் ஆய்விதழ்களுக்கானது, அதை மின்னூலோடு சேர்த்துக் குறிப்பெடுக்காதீர்கள். குறிப்பைத் தமிழில் எழுதினாலும் கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள், வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும்.